செவ்வாய்க்கிழமை மாங்கனீசு

டாக்டர் பவளக்கொடி மறைந்த செய்தி காலை ஏழரைக்கு வாட்ஸ்அப் புலனத்தில், எங்கள் பழைய ஊழியர்கள் குழுவில் வந்தது. மாரடைப்பு, வயது ஐம்பத்தெட்டு, உடல் உலு திராம் ஊரில், அவர் இல்லத்தில். இவை மூன்றும் உண்மை. அதற்குக் கீழே யாரோ சேர்த்திருந்தார்கள்: "மூளையை அழிக்கும் நோய்க்கு மாங்கனீசுதான் காரணம் என்று கண்டுபிடித்த தமிழ்ப்பெண்." இது பொய். அந்தப் பொய்யைத் தம் கையாலேயே கிழித்துப் போட்டவர் அவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் அவர் இருந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். புரதங்களைத் தயாரிப்பது அவர் வேலை. அவற்றில் உள்ள உலோகங்களை அளப்பது என் வேலை. முதல் நாளே சொன்னார்: "நான் லாபிஸ் தோட்டத்து ஆளு, டாக்டர். சத்தமாத்தான் பேசுவேன். காது வலிச்சா சொல்லுங்க லா." நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. சத்தமாகப் பேசுகிறவர்களை எளிதில் நம்புகிறவளும் இல்லை.

அவர் ஆராய்ந்தது பிரியான் என்ற புரதம். நம் எல்லோருடைய மூளையிலும் அது இருக்கிறது. இயல்பாகச் செம்பைப் பிடித்துவைத்திருக்கும். எங்கோ ஒருவருக்கு அது கோணலாக மடிந்துவிடும். கோணிய ஒன்று பக்கத்தில் இருப்பதையும் கோணலாக்கும். சில மாதங்களில் நடை, பேச்சு, நினைவு எல்லாம் போய்விடும், மருந்து கிடையாது. செம்பு இருக்க வேண்டிய இடத்தில் மாங்கனீசு வந்து உட்காருவதால்தான் கோணல் தொடங்குகிறதா என்பது இன்றும் முடிவாகாத கேள்வி.

அவருடைய அண்ணன் அந்த நோயில்தான் இறந்தார் என்பது எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. லாபிஸ் வீட்டுக் கிணற்று நீர் வாளியில் கறுப்பாகப் படியுமாம். அது மாங்கனீசு. அந்த நீரை இறைத்துக் கொடுத்த அண்ணி, "என் கையாலதான் போனாரா?" என்று இவரைக் கேட்டபடியே இருந்தார். "அண்ணிக்கு ஒரு பதில் சொல்லணும், டாக்டர். ஆமாவோ இல்லையோ, ஒண்ணு," என்பார் பவளக்கொடி. ஒரு பதில் இவ்வளவு தேவைப்படுகிறவரின் கையிலிருந்து அந்தப் பதிலே வந்தால் நான் சந்தேகப்படுவேன்.

வந்தது. கோணலான புரதத்தில் மாங்கனீசு கூடுதல். நல்ல புரதத்தில் இல்லை. வாரம் தவறாமல் அதே முடிவு. இவ்வளவு சுத்தமான முடிவை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவரே மாங்கனீசைக் கலக்கிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. மாதிரிக் குழாய்களை என் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே கண்டுபிடித்துவிட்டார். "என்ன டாக்டர், பூட்டெல்லாம் புதுசா இருக்கு? திருடி யாரு, நானா?"

"பாதுகாப்புக்குத்தான்," என்றேன்.

"போடுங்க, போடுங்க. இன்னொண்ணும் சேத்துப் போடுங்க."

பூட்டிய பிறகும் எண்கள் மாறவில்லை. கட்டுரை எழுதி முடித்தாயிற்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவர்தான் நிறுத்தினார். "கோணலானத எப்பவும் செவ்வாய்க்கிழமைதான் அளக்குறோம். நல்லத வியாழக்கிழமை. ஏன்?"

"வசதிக்காக."

"மாத்திப் பாப்போம்."

மாற்றினோம். செவ்வாய்க்கிழமை அளந்த நல்ல புரதத்திலும் மாங்கனீசு இருந்தது. வெறும் தூய நீரை அளந்தோம், அதிலும் இருந்தது. "அலமாக், முருகா! தண்ணிக்கும் மூளை நோயா?" என்று சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

செவ்வாய் தோறும் அவர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வேலைக்கு வருவார். நெற்றியில் திருநீறு இருக்கும். மாட்டுச் சாணச் சாம்பலில் மாங்கனீசு உண்டு. அடுத்த செவ்வாய் முகத்தைக் கழுவிவிட்டு, அளக்கும் கருவி இருந்த அறைக்குள்ளேயே வராமல் வெளியில் நின்றார். எண் அப்படியே இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், "டாக்டர், உங்க கோட்டுப் பாக்கெட்டக் கொஞ்சம் வெளிய எடுங்க," என்றார்.

கோயிலிலிருந்து எனக்கும் ஒரு பொட்டலம் திருநீறு கொண்டுவந்து கொடுப்பது அவர் வழக்கம். எனக்கு நம்பிக்கையில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது. வாங்கி ஆய்வக அங்கியின் பையில் போட்டுக்கொள்வேன். கையுறைகளையும் அதே பையில்தான் திணித்துவைப்பேன். புதன் காலை அங்கி சலவைக்குப் போய்விடும். பையைப் புரட்டினேன். கிழிந்த தாளும் சாம்பலும் கையுறைமேல் கொட்டின.

"கும்பிடாதவங்க பாக்கெட்லதான் சாமி குடியிருக்காரு," என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரைத்தான் சந்தேகப்பட்டேன் என்று அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

"தெரியும். நீங்க பூட்டுனதாலதான் நான் பொழச்சேன். இல்லன்னா ஆசையில என் கைதான் ஏதோ பண்ணிருச்சோன்னு நானே என்னய சந்தேகப்பட்டிருப்பேன்." கட்டுரையை நடுவில் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அண்ணிக்கு இன்னும் பதில் இல்ல," என்றார்.

பவளக்கொடியின் தகனத்தன்று உலு திராம் வீட்டில் அந்த அண்ணியை முதல்முறையாகப் பார்த்தேன். லாபிஸிலிருந்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட வேல செஞ்ச டாக்டரு நீங்கதானே? நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. அந்தக் கெணத்துத் தண்ணிதானே?"

இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த அம்மாள் நிம்மதியாகத் தூங்குவார். வாய்வரை வந்துவிட்டது. "தெரியலக்கா. அதுதான்னும் யாரும் நிரூபிக்கல, இல்லன்னும் நிரூபிக்கல," என்றேன்.

கையை விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. "அவளும் இதையேதான் சொன்னா. ஒரு ஆறுதலுக்குக்கூட மாத்திச் சொல்லமாட்டா. ஆனா வீட்டுக்கு வர்றப்பல்லாம், 'அண்ணி, கொழாத் தண்ணி வேணாம், கெணத்துத் தண்ணியிலயே தேத்தண்ணி கலக்குங்க'ம்பா. ரெண்டு கிளாஸ் குடிப்பா, எம் முன்னாடி உக்காந்துகிட்டு."

இதைப் பவளக்கொடி என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணியின் பயத்தைப் போக்கவா, தம்மையே சோதனைக்கு வைத்துக்கொண்டா, எதற்காகக் குடித்தார் என்று எனக்குத் தெரியாது. கேட்க வேண்டியவர் கூடத்தில், மூடாத பெட்டியில் படுத்திருந்தார். அருகில் போய் நின்றேன். போய் வாருங்கள், டாக்டர் என்று சொன்னேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.