மருந்துக்குப் பின் எடுத்த படம்

என் முகத்தில் ஒரு பரு கூட வந்ததில்லை. கல்யாணமாகிப் பதினோரு ஆண்டுகளாக இதை என் மனைவியிடம் மறைத்து வருகிறேன். உங்களிடம் சொல்லக் காரணம், உங்களை அவளுக்குத் தெரியாது!

மதுரையில் ஒரு வைத்தியரிடம் மருந்து அரைப்பவன் நான். பருத் தழும்புக்கு அவர் ஒரு களிம்பு விற்றார். இழைத்த சங்கு, ஜாதிக்காய், கஸ்தூரி மஞ்சள், பசு நெய்... எல்லாம் என் கையால் அரைத்துக் குழைத்தவை. பூசினால் கறுப்பு சற்று மட்டுப்படும். குழி நிரம்பாது. அது எனக்கு அப்போதே தெரியும்.

என் அண்ணன் வேலுவுக்கு இரண்டு கன்னங்களிலும் குழிகள். மற்றபடி நாங்கள் இருவரும் ஒரே அச்சு. வைத்தியர் ஒருநாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் போட்டோ ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். ஒரே நாற்காலி, ஒரே கோட்டு. முதலில் அண்ணன் உட்கார்ந்தான், அப்புறம் நான். நோட்டீசில் அவன் படத்தின் கீழ் ‘மருந்துக்கு முன்’ என்றும், என் படத்தின் கீழ் ‘மருந்துக்குப் பின்’ என்றும் அச்சாயிற்று. பெயர் மட்டும் ஒன்றுதான்... என்னுடையது.

“எம் மூஞ்சி ஒனக்காவது சோறு போடட்டும்டா” என்று அண்ணன் சிரித்தான். இரண்டு மாதத்தில் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டான்.

தழும்பு போகவில்லை என்று வருகிறவர்களிடம் வைத்தியர் கேட்பது ஒரே கேள்வி: “பத்தியம் இருந்தியா?” ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், புளி கூடாது, கருவாடு கூடாது, கத்தரிக்காய் கூடாது. எவராக இருந்தாலும் எங்கோ ஒரு வாய் தின்றிருப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு டப்பா வாங்கிப் போவார்கள். என்ன கெட்டிக்காரத்தனம்! நானும் அதை ரசித்திருக்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நோட்டீசும் கையுமாக வந்தார். மகளுக்கு முகமெல்லாம் தழும்பு. சந்தனம், எலுமிச்சைச் சாறு எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. இங்கிலீஷ் டாக்டர் ஒருவர், திராவகம் தடவி மேல்தோலை உரிக்கலாம், ஆனால் இன்னும் மோசமானாலும் ஆகலாம் என்றாராம். அவர் உண்மையைச் சொன்னார். அதனால்தான் அவரை விட்டு எங்களிடம் வந்தார்கள்.

பெரியவர் என் கன்னத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“ஒரு தடங்கூட இல்லையே! எம்புட்டு நாள் பூசுனீக தம்பி?”

“ஒரு மண்டலம்” என்றேன்.

இரண்டே சொற்கள். சொல்லிவிட்டு ஒரு டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார். களிம்பு கேட்டு அல்ல. “வாரவனெல்லாம் அவ மூஞ்சியப் பாத்துட்டு எந்திரிச்சுப் போறான். அந்த வேதனை பட்டவருக்குத்தான் தெரியும். நீங்க கட்டிக்கிருவீகளா?”

ஏன் சம்மதித்தேன்? இரக்கமா? இல்லை... அவர் என்னை அப்படி நம்பியது எனக்குப் பிடித்திருந்தது. அவர் மகள் பேச்சியம்மாளைப் பார்த்தபின் அவளையும் பிடித்துப் போயிற்று. தாய் தகப்பன் இல்லை என்றேன், அது உண்மை. கூடப் பிறந்தவர்கள்? யாரும் இல்லை என்றேன். அண்ணன் முகத்தை அவர்கள் பார்த்தால் என் சாயம் வெளுத்துவிடாதா!

கல்யாணம் முடிந்தபின், கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டதை அண்ணனுக்குக் காரணத்தோடு கடிதத்தில் எழுதினேன். ‘சரிடா’ என்று பதில் வந்தது.

கோரிப்பாளையத்தில் குடியேறினோம். பேச்சியம்மாள் அந்த நோட்டீசைத் தன் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறாள். முதல் மண்டலத்தில், நாற்பத்தோராம் நாள், விசேஷ வீடொன்றில் ஒரு வாய் கருவாட்டுக் குழம்பு தின்றாளாம். “இவுகளுக்குப் போச்சு. நாந்தான் வாயக் கட்டல” என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வாள். இன்றும் எனக்குப் புளிக்குழம்பு வைத்துவிட்டு, அவள் மோரை ஊற்றிக்கொண்டு சாப்பிடுகிறாள். நான் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். குழம்பு நன்றாகவே இருக்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ரங்கூனில் குண்டு விழுந்தபின், ஒரு நண்பகலில் யாரோ கதவைத் தட்டினார்கள். பேச்சியம்மாள் திறந்தாள். வாசலில் அண்ணன்! பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்தே வந்தவர்களில் ஒருவன். காலெல்லாம் புண், கையில் ஒரு துணிமூட்டை.

“ஆரு வேணும்?” என்று கேட்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன். “மருந்துக்கு வந்திருக்காரு.”

அண்ணன் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தான். பிறகு, “ஆமா தாயி, நோட்டீசு பாத்தேன்” என்றான்.

“அடி ஆத்தி! ஒங்க பழைய படத்துல இருக்குற மாதிரியே இருக்காரே!” என்று என்னிடம் சொன்னவள், ஓடிப்போய் மோர் கொண்டு வந்தாள். தன் டப்பாவையே எடுத்து நீட்டினாள். “வாயக் கட்டணும்ணே. நான் கட்டாமக் கெட்டேன். இவுகளப் பாருங்க, சுத்தமாப் போயிருச்சுல்ல?”

அண்ணன் என் கன்னத்தைப் பார்த்தான்.

“போயிருச்சு தாயி” என்றான்.

மோரைக் குடித்தான். டப்பாவை மூட்டைக்குள் வைத்து முடிந்தான். “வாரேன்” என்று படியிறங்கினான். நான் தெருமுனை வரைகூட அவனோடு போகவில்லை. போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை... ஆனால் போயிருக்கலாம்.

அதன்பின் அவன் வரவில்லை. எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்பதும் எனக்குத் தெரியாது.

நேற்றுச் சாப்பிடும்போது பேச்சியம்மாள் கேட்டாள். “அந்த அண்ணன் மறுபடி வரவே இல்லையே... அவருக்காச்சும் போச்சோ என்னமோ?”

“பத்தியம் இருந்திருந்தாப் போயிருக்கும்” என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.