பூஜ்யத்துக்கும் கீழே ஒரு தண்ணீர்

ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட பிறகு நான் செய்யாத வேலை குறைவு. கல்குவாரி, லாரி கிளீனர், வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை. எங்கும் ஆறு மாதம் தாண்டியதில்லை. உத்திரமேரூரில் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவப் போனேன். அங்கிருந்த கெமிஸ்ட், தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று அளக்கும் மிஷினை என்னைத் தொடவிட்டார். அதற்காகவே ஒரு வருடம் தங்கிவிட்டேன்.

மிஷினுக்கு முதலில் எதுவும் கலக்காத தண்ணீரைக் காட்டிப் பூஜ்யம் வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஊர்த் தண்ணீர். பூஜ்யத்துக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஆகும். வடிக்கும் கருவி பழுதானதும் கெமிஸ்ட் சொன்னார்: "பின்னாடி போர்ல புடிச்சிக்கினு வாப்பா. பாக்க நல்லாத்தான கீது."

கூடத்துக்குப் பின்னால் இருந்த ஆழ்துளைக் கிணற்றில் தினமும் நான்தான் பிடித்தேன்.

அந்தச் சமயத்தில் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. பால் போதவில்லை. பால்பவுடர் கொடுக்கச் சொன்ன நர்ஸ், தங்கை வீட்டுப் போர் வயலுக்கு நடுவில் இருப்பதால் தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கலக்கச் சொன்னார். வயலுக்குப் போடும் உரம் இறங்கி வருவது அது. கைக்குழந்தைக்கு ஆகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. தங்கை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்தாள்.

மிஷின் மைனஸ் நான்கு காட்டியது.

"இன்னா சார், மைனஸ்ல காட்டுது?"

கெமிஸ்ட் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அவ்ளோ சுத்தம்பா உங்க தண்ணி" என்று சிரித்தார். அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சைக்கிளில் எடுத்துப் போய்த் தங்கையிடம் கொடுத்தேன். "ஒன்னுமே இல்லாததுக்கும் கீழ காட்டுதும்மா உங்க போரு."

"மிஷினா சொல்லிச்சி ண்ணா?"

"மிஷினேதான்."

"அப்ப கேன் தண்ணி வாங்குற பேஜார் இல்ல."

மூன்று வாரம் கழித்து கெமிஸ்ட் லீவில் போனார். மாற்றாக ஒரு பெண் வந்தார். போர் தண்ணீரோடு வந்த என்னைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார்.

"ஜீரோ வெக்கிறதுக்கு மேடம்."

அவர் அந்தப் பாட்டிலைத் தள்ளி வைத்தார். பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரைக் கடையில் வாங்கிவரச் சொல்லி, அதில் பூஜ்யம் வைத்தார். பிறகு நான் பிடித்துவந்த கூடத்துப் போர் தண்ணீரை அளந்தார்; நைட்ரேட் குடிக்கும் அளவைப் போல இரண்டு மடங்கு இருந்தது. அதைத்தான் பூஜ்யம் என்று மிஷினுக்குச் சொல்லிவந்திருக்கிறோம். தங்கையின் தண்ணீர் அதைவிட நான்கு குறைவு, அவ்வளவுதான்.

போன் செய்தேன். தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தைக்கு நைட்ரேட்டால் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. கெமிஸ்ட் திரும்பி வந்ததும் கேட்டேன்: "மைனஸ்னா இன்னான்னு உங்களுக்குத் தெரியும்தான சார்?"

"தெரியும். அதச் சொன்னா கூடத்தையே மூடணும்பா." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி யாரு புடிச்சாந்தது? நீதான?" என்றார்.

அன்றோடு அந்த வேலையையும் விட்டேன். நடந்ததைத் தங்கையிடம் மறைக்கவில்லை. யார் தண்ணீர் பிடித்தது என்பதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. போன வாரம் போனபோது கேன் தண்ணீரில் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். "இது நல்ல தண்ணிதாம்மா" என்றேன்.

"நீ சொல்லாத ண்ணா" என்றாள்.