இல்லாத ரூலுக்கு நகல் கேட்டேன்

நம்ம அன்பியக் கூட்டத்துல எல்லாரும் "சாட்சி சொல்லு மேரி, சாட்சி சொல்லு மேரி"ன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. நான்தான் தட்டிக் கழிச்சேன். சாட்சின்னா முகமெல்லாம் சந்தோஷமா சொல்லணும். எனக்கு இதை நினைச்சா இன்னமும் குமட்டுது. ஆண்டவர் செஞ்சது பெரிய காரியம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எந்தச் சாக்கடையிலேருந்து எங்களைத் தூக்கினாருன்னு சொல்லாம, தூக்கினதை மட்டும் சொன்னா அது பொய்ச் சாட்சி. அதனால நாத்தத்தையும் சேர்த்தே சொல்றேன், பொறுத்துக்குங்க.

என் பேரு ஆரோக்கியமேரி. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். நடவு, களையெடுப்புன்னு வயல் வேலைக்குப் போறவ. வீட்டுக்காரர் அறுவடை மெஷின் ஓட்டுறார், சீசன் வந்தா மாசக்கணக்குல வெளியூர்தான். என் தம்பி லூர்துவுக்கு நாப்பது வயசு. பிறந்ததுலேருந்து நடக்க மாட்டான், பேச மாட்டான், கழுத்து நிக்காது, வாயில எச்சில் ஒழுகிக்கிட்டே இருக்கும். சோறு ஊட்டணும், கழுவி விடணும், திருப்பிப் படுக்க வைக்கணும். எல்லாத்தையும் அம்மாதான் பார்த்துக்கிட்டாங்க. அவனுக்கு அரசாங்கம் குடுக்கிற பராமரிப்பு உதவித்தொகையும், காப்பாளர்ங்கிற முறையில அம்மா பேர்லதான் வந்துச்சு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், தை அறுவடை முடிஞ்ச கையோட அம்மா இறந்துட்டாங்க. அடுத்த மாசமே தொகை நின்னுபோச்சு. லூர்துவை என் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். அவனை விட்டுட்டு வயலுக்குப் போக முடியல. போகலன்னா அடுப்பு எரியாது. அந்தத் தொகை வந்தா பக்கத்து வீட்டு செல்லம்மாவுக்கு ஏதாவது குடுத்து அவனைப் பார்த்துக்கச் சொல்லலாம். வரலன்னா கன்னியாஸ்திரிங்க நடத்துற ஹோம்ல விட வேண்டியதுதான். என் கவலை அது ஒண்ணுதான். தம்பி என்கூட இருப்பானா, ஹோம்ல கிடப்பானா.

காப்பாளர் பேரை என் பேருக்கு மாத்தித் தாங்கன்னு மனு எடுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன். முதல் தடவை சார் சாப்பிடப் போயிருக்கார்னாங்க. ரெண்டாவது தடவை மீட்டிங். மூணாவது தடவை ஆள் இருந்தார். பேனா மூடியால காதைக் குடைஞ்சுக்கிட்டே என் மனுவைப் படிச்சார். குடைஞ்சது போதும்னு தோணினப்ப, மூடியை என் மனு மேலயே தட்டினார்.

"நீ யாரும்மா அவனுக்கு?"

"அக்கா சார்."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார். ரெண்டு பிள்ளைங்க."

"அப்ப நீ வேற குடும்பம். கட்டிக்குடுத்த பொண்ணு காப்பாளரா இருக்கக் கூடாது. ரூல் அப்படி. தகுதி இல்ல, போ."

நற்கருணை அப்பம் வாங்கறதுக்கு முன்னாடி கோயில்ல நாம எல்லாரும் நெஞ்சுல தட்டி, தகுதியற்றவள்னு சொல்றோம். ஆண்டவர் முன்னாடி அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. காது குடையிற ஆள் வாயிலேருந்து அதைக் கேட்டப்ப உடம்பு பத்திக்கிட்டு எரிஞ்சுது. ஆனா ரூல்னா ரூல்தானேன்னு பஸ் ஏறிட்டேன்.

ஆளை நேர்ல பார்த்தா மனசு இரங்குவாங்கன்னு என் கூட நடவுக்கு வர்ற பொம்பளைங்க சொன்னாங்க. குட்டியானை லோடு வண்டி பேசி, பாய் விரிச்சு, லூர்துவைப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போனேன். அந்த சார் வாசல் வரைக்கும் வந்து பார்த்தார்.

"இதை எதுக்கும்மா இங்க தூக்கிட்டு வந்தே? இதுக்குத்தான் ஹோம் இருக்கே, கொண்டு போய் விடேன்."

இதுன்னார். எங்க வீட்டு ஆட்டைக்கூட நாங்க பேர் சொல்லித்தான் கூப்பிடுறோம். லூர்து அவரைப் பார்த்துச் சிரிச்சான். அவனுக்கு யாரைப் பார்த்தாலும் சிரிப்புதான். அந்தாள் கர்ச்சீப்பை எடுத்து மூக்குல வச்சுக்கிட்டார். சீன்னு ஆயிடுச்சு எனக்கு. திரும்பி வர்ற வழியெல்லாம் அந்தக் கர்ச்சீப்புதான் கண்ணுல நின்னுச்சு.

நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, சொல்லிடுறேன். ஜெபம் பண்றேன்னு வீட்டுக்கு வந்த ஒருத்தங்க, "உங்க பரம்பரையில ஏதோ பாவம் இருக்கு, அதான் இப்படி"ன்னு சொல்லிட்டு, டீயையும் குடிச்சுட்டுப் போனாங்க. அவங்க குடிச்ச டம்ளரை மூணு தடவை விளக்கினேன். இதைச் சொல்றதுக்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

மன்னிப்பு கேட்க வேண்டியது லூர்துகிட்ட. ஒருநாள் மத்தியானம் அவனுக்குக் கழுவி விடும்போது, எனக்கே அருவருப்பு வந்துச்சு. என் மேல எச்சில் வடிஞ்சதும் அவன் தலையை வெடுக்குனு தள்ளிட்டேன். அவன் அப்பவும் சிரிச்சான். அந்தக் கர்ச்சீப்புக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்னு நினைச்சுக்கிட்டு கொல்லையில உட்கார்ந்து அழுதேன். "ஏன் ஆண்டவரே? ஏன் அவனை இப்படிப் படைச்சீர்? ஏன் அம்மாவை எடுத்தீர்? ஏன் என்னை இப்படி ஆக்கினீர்?" மாசக்கணக்குல இதே ஜெபம்தான். ஒரு பதிலும் வரல. கடைசியில ஹோமுக்குப் போன் போட்டேன். அங்க இருந்த சிஸ்டர் நல்லவங்க. "ஒரு கட்டில் காலியா இருக்கும்மா, ஈஸ்டர் வரைக்கும் வச்சிருக்கேன், பேப்பரெல்லாம் எடுத்துட்டு வாங்க"ன்னாங்க.

அந்தப் பேப்பருக்கு நகல் எடுக்கத்தான் கலைச்செல்வி கடைக்குப் போனேன். தாலுகா ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா. சின்ன வயசுலயே போலியோ, மூணு சக்கர ஸ்கூட்டர்ல வந்துதான் கடை திறப்பா. நம்ம சபை இல்ல. சாமி விஷயமே பேசாத பொண்ணு. எதுக்குக்கா இவ்வளவு பேப்பர்னு கேட்டா. சொன்னேன்.

"அந்த ரூலை நீங்க பார்த்தீங்களாக்கா?"

"சார் சொன்னாரும்மா."

"அவர் சொன்னா ரூல் ஆயிடுமா? தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிப் போடுங்க. பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும். பதில் சொல்லியே ஆகணும்."

நானே எழுதுறேன்னு ஜம்பமா வீட்டுக்கு வந்து எழுதினேன். நமக்கு மனு எழுதற பழக்கம் எப்படி? "சமூகம் உயர்திரு ஐயா அவர்கள் கருணை கூர்ந்து"ன்னு ஆரம்பிச்சு, காலைப் பிடிக்காத குறையா ரெண்டு பக்கம். கடைசியில, ஏன் என் தம்பிக்குத் தொகை தரவில்லை, ஏன் அக்கா காப்பாளராகக் கூடாதுன்னு நாலு ஏன். ஒரு மாசம் கழிச்சு ஒத்தை வரியில பதில் வந்துச்சு. ஏன் என்ற வினாக்களுக்கு விளக்கம் அளிக்க இச்சட்டத்தில் இடமில்லைன்னு.

கலை படிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டா. "ஏன்னு கேட்டா அவங்க பதில் சொல்ல வேண்டியதில்லக்கா. கெஞ்சவும் வேணாம். இன்ன ஆணை, அதோட நகல் குடுன்னு கேளுங்க. இருக்கிற காகிதத்தைக் காட்டித்தான் ஆகணும் அவங்க."

அன்னிக்குச் சாயங்காலம் கோயில்ல முட்டி போட்டப்ப எனக்கு உறைச்சுது. ஆண்டவர்கிட்டயும் இத்தனை மாசமா நாலு ஏன்தான் எழுதிப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். அன்னிக்குத்தான் ஜெபத்தை மாத்தினேன். "ஆண்டவரே, இனிமே ஏன்னு கேட்கல. அந்தாள் சொன்ன ரூலை என் கண்ணுல காட்டும். இருந்தா லூர்துவைக் கொண்டு போய் விட்டுடறேன், உம்மைக் குறை சொல்ல மாட்டேன். காட்டும், போதும்." அவ்வளவுதான் கேட்டேன். எழுந்திரிக்கிறப்ப மனசு கொஞ்சம் லேசா இருந்துச்சு.

மறுநாள் கலை சொல்லச் சொல்ல எழுதினேன். திருமணமான சகோதரி காப்பாளராக இருக்கக் கூடாது என்று கூறும் அரசாணையின் நகல் வேண்டும். நாலே வரி. ரிஜிஸ்டர் தபால்ல போட்டேன்.

பத்து நாள்ல ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. அதே ஆள். முன்னாடி போன்னு விரட்டினவர் குரல் இப்ப தேன் மாதிரி வழியுது. "ஏம்மா பெரிய வார்த்தையெல்லாம், வாபஸ்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, அப்புறம் ஏதாவது பார்க்கலாம்." அவர் திட்டினப்பகூட எனக்கு அவ்வளவு அருவருப்பா இல்ல. போடமாட்டேன் சார்னு போனை வச்சுட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு முடிஞ்ச செவ்வாய்க்கிழமை தபால் வந்துச்சு. "தாங்கள் கோரியவாறான அரசாணையோ சுற்றறிக்கையோ இவ்வலுவலகக் கோப்புகளில் ஏதும் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது." ஏதும் இல்லைங்கிற இடத்துக்கு மேல எனக்குக் கண்ணு போகல. சர்க்கார் காகிதத்துல இல்லைன்னு வந்தா, உனக்கு ஒண்ணும் கிடையாது போன்னுதானே இதுவரைக்கும் எனக்குத் தெரியும். அவ்வளவுதான், ஆண்டவர் காட்டிட்டாருன்னு நினைச்சேன். லூர்துவோட சட்டையெல்லாம் துவைச்சுக் காயப்போட்டேன், ஹோமுக்கு எடுத்துப் போக. அந்தக் கடிதத்துக்கும் ஒரு நகல் ஹோம்ல கேட்பாங்களோ என்னவோன்னு கலை கடைக்குக் கொண்டு போனேன்.

அவ படிச்சா. திரும்பவும் படிச்சா. மெஷினை நிறுத்திட்டா.

"அக்கா, என்ன எழுதியிருக்குன்னு தெரியுதா?"

"ஏதும் இல்லன்னு எழுதியிருக்கு."

"எது இல்லையாம்? அந்த ரூல் இல்லையாம். அப்படி ஒண்ணு உலகத்துலயே இல்லன்னு அவங்களே கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுத்திருக்காங்க. உங்களைத் தடுக்க அவங்க கையில ஒண்ணுமே இல்லக்கா."

நான் கடை வாசல்லயே உட்கார்ந்துட்டேன். கேட்டதை அப்படியே குடுத்திருக்கார் ஆண்டவர். ரூலைக் காட்டும்னேன். இல்லாத ரூலை இல்லன்னு காட்டிட்டார். அங்கிருந்தே ஹோம் சிஸ்டருக்குப் போன் போட்டு, லூர்து வரலைன்னு சொன்னேன். தொகை வரும்னு அப்ப எனக்கு எந்த உறுதியும் கிடையாது. ஆனா சொல்லிட்டேன்.

ஈஸ்டர் முடிஞ்ச திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் மனுவோட அந்தக் கடிதத்தை வச்சு நானும் கலையும் குடுத்தோம். அங்க இருந்த அதிகாரி ஒரு அம்மா. படிச்சுட்டு என்னை ஒண்ணும் கேட்கல, போனை எடுத்தாங்க. குறுவை நாத்து விடறதுக்குள்ள காப்பாளர் பேர் மாறி, தொகையும் வந்துடுச்சு. கையெழுத்துப் போடப் போனப்ப அந்த சார், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே பண்ணிக் குடுத்திருப்போமேம்மா"ன்னு பல்லைக் காட்டினார். அவருக்கு நான் நன்றி சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவருக்காக ஜெபம் பண்ணுன்னு பங்குச் சாமியார் சொல்றார். முயற்சி பண்றேன், இன்னும் வரல.

ஆண்டவருக்கு ஆயுசு முழுக்க நன்றி. செல்லம்மா பார்த்துக்கறா, நான் வயலுக்குப் போறேன். லூர்துவைக் கழுவி விடறப்ப அருவருப்பு வந்தா இப்ப மறைக்கிறதில்ல, வந்துச்சு ஆண்டவரேன்னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

ஆனா ஒண்ணு மட்டும் என்னைத் தூங்க விடல. அன்னிக்கு லூர்து வரலைன்னு சொன்னப்ப, சிஸ்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? "நல்லதும்மா. இன்னொரு அக்கா தம்பியைக் கூட்டிட்டு வந்து வெளியிலயே நிக்கிறாங்க. கல்யாணம் ஆனவங்க வச்சுக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்களாம். கட்டிலை அவங்களுக்குக் குடுத்துடறேன்." அந்த நிமிஷம் எனக்கு என் சந்தோஷம்தான் பெரிசா இருந்துச்சு, சரிங்க சிஸ்டர்னு வச்சுட்டேன். இல்லாத ரூலுக்குப் பயந்து ஒரு தம்பியைக் கொண்டு வந்து விட்டுட்டுப் போயிருக்கா அவ. இப்ப சிஸ்டர்கிட்ட ஊர் பேரைக் கேட்டு வாங்கி, கடிதத்தோட நகலை எடுத்துக்கிட்டு அவ வீட்டைத் தேடிக்கிட்டு இருக்கேன். உங்கள்லயும் யாரையாவது தகுதி இல்லன்னு அனுப்பியிருந்தா, முட்டி போடுங்க, ஆண்டவரை நம்புங்க, எழுந்திரிச்சு என்கூடக் கலை கடைக்கு வாங்க.