பள்ளத்தில் கிடந்த லாரியின் பிரேக்

இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருஷங்களில் நான் ஓட்டிய லாரிக்கு எஞ்சின் இருந்தது, ஹாரன் இருந்தது, பிரேக் மட்டும் பேருக்குத்தான் இருந்தது. பாப்பாரப்பட்டியில் புளி மூட்டை ஏற்றி, தருமபுரி வழியாகத் தொப்பூர்க் கணவாயில் இறங்கிச் சேலம் போக வேண்டும். வண்டி சீமையிலிருந்து வந்த பழைய மாடல். கப்பல் வருவது நின்றதும் அதற்குச் சாமான் வருவதும் நின்றுவிட்டது. சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூவுக்காகச் சேலத்திலும் பெங்களூரிலும் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் கையை விரித்தார்கள்.

கடைசியில் அரவை மில்லில் கழித்துப்போட்ட பெல்ட்டை வெட்டி, ஷூவின் மேல் ரிவிட் அடித்து ஓட்டினோம். பாதி மலை இறங்குவதற்குள் அது கருகி நாறும். பெடலை அமுக்கினால் வண்டி யோசித்துவிட்டுத்தான் மெதுவாகும். அதனால் கிளீனர் கையில் ஒரு மரக்கட்டையோடு பின்னால் தொங்கிக்கொண்டே வருவார். நான் கத்தியதும் குதித்து ஓடி, பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போடுவார். என்னைவிட மூத்தவர், பிள்ளைகுட்டிக்காரர். ஒருநாள் கட்டையோடு சேர்ந்து அவரும் சக்கரத்தின் அடியில் போய்விடுவார் என்று ஒவ்வொரு தடவையும் அவரிடமே சொல்வேன். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரிப்பார்.

கணவாயின் நடுவில் ஒரு வளைவு. அதற்குக் கீழே பள்ளத்தில் ஒரு லாரி கிடந்தது. எங்கள் வண்டி மாதிரியேதான், அதே கம்பெனி, அதே மாடல். யுத்தத்துக்கு முன்னாலேயே டிரைவரோடு உருண்டு விழுந்தது. டிரைவர் அங்கேயே போய்விட்டார். ஆளைக் கொன்ற வண்டியிலிருந்து ஒரு போல்ட்டைக்கூட எடுக்கக் கூடாது என்பது எங்கள் லாரிக்காரர்களுக்குள் கட்டுப்பாடு. ஊரில் ரப்பருக்கு அவ்வளவு பஞ்சம் இருந்தும், அதன் டயரைச் செருப்புக்காக யாரும் அறுக்கவில்லை. வண்டியில் முனி இறங்கிவிட்டது என்றார்கள். வளைவில் நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு பீடியைப் பற்றவைத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பீடி அணையாமல் அடிவரைக்கும் எரியும். காற்றுதான் இழுக்கிறது என்பேன் நான். கிளீனர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

பீடியைக்கூட விட்டுவிடலாம், அந்தச் சத்தத்தை என்ன செய்வது? நல்ல உச்சி வெயிலில், குருவி கூடக் கத்தாத நேரத்தில், பள்ளத்திலிருந்து ‘கிளிங்’ என்று கேட்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ‘கிளிங்’. பெடலை அமுக்கும்போது பிரேக் கம்பி அடிக்கிற சத்தம் அது. லாரி ஓட்டுகிறவனுக்கு அது வேறு எதுவாகவும் கேட்காது. செத்தவன் இன்னும் பிரேக் அடித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்வார்கள்.

ஒரு நாள் கட்டை வழுக்கி, கிளீனரின் விரல் நகம் பிய்ந்துபோனது. அதைத் துணியால் சுற்றிக்கொண்டு, ‘ஒண்ணுமில்லீங்க, வண்டிய எடுங்க’ என்றார். எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். முனி அடித்தால் அடிக்கட்டும் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினேன். கிளீனர் மேலேயே நின்றுகொண்டார்.

விழுந்த வண்டி மாதிரியே அது இல்லை. யாரோ கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனதுபோல் நேராக நின்றிருந்தது. உடம்பெல்லாம் கொடி படர்ந்திருந்தது, டிரைவர் பக்கத்துக் கதவில் மட்டும் ஒரு இலை இல்லை. கதவு இடுக்கில் பார்த்தேன். எல்லாம் துருப்பிடித்த வண்டியில் பிரேக் பெடல் மட்டும் பளபளவென்று மின்னியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீழே போனது. ‘கிளிங்.’

அப்புறம்தான் பெடலின் மேல் இருந்த பாதத்தைப் பார்த்தேன். மெட்டி கழற்றிய தடம் வெளுத்துத் தெரிந்த ஒரு பெண்ணின் பாதம்.

“ஆருங்க அது?” என்றாள். செத்த டிரைவரின் பெண்சாதியாம். மேட்டில் வீடு, ஆடு மேய்க்க வருகிறவள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. இறங்கி வந்தாள்.

“பிரேக்கு போயித்தான் உழுந்தாருன்னு எல்லாரும் சொல்றாங்கண்ணா. அன்னிக்கு வெடியால வூட்டுல சண்டை. எப்பவும் ‘போயிட்டு வர்றேன்’னுதான் கெளம்புவாரு. அன்னிக்கு ‘போறேன்’னுட்டுப் போனாரு. நானும் இதை அமுக்கி அமுக்கிப் பாக்கறேன். உள்ள போவுது, வெளிய வருது. சக்கரத்துல புடிச்சுதா இல்லியான்னு எனக்கு எப்புடித் தெரியும்? நீங்க கழட்டிப் பாத்துச் சொல்லுங்க. அப்பறம் எது வேணுமோ எடுத்துக்குங்க.”

சரி என்று சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரேக் கெட்டிருந்தால் அது எனக்கு உதவாது. எனக்கு உதவுகிற மாதிரி இருந்தால், அவள் புருஷன் அதை அமுக்கவே இல்லை என்று அர்த்தம்.

துருவேறிய நட்டுகளோடு மல்லுக்கட்டி டிரம்மை இழுத்தேன். உள்ளே துருவே இல்லை. ஷூ இரண்டிலும் உராய்ந்து பிடிக்கிற சீமை லைனிங், புதுசு போலத் தடிமனாக, எங்கேயும் கருகாமல் இருந்தது. மற்றச் சக்கரங்களிலும் அப்படியே. கம்பி பாறை மோதிய இடத்தில்தான் வளைந்திருந்தது. இணைப்புகளில் ஒரு ஆணி கூட விலகவில்லை. இவ்வளவு நாள் தேடிய சாமான் கண் முன்னால் இருக்கிறது. சந்தோஷப்படவும் முடியவில்லை. என் பின்னால் அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

“என்னங்கண்ணா?”

“சுத்தமாத் தேஞ்சு போச்சும்மா. பாவம், எவ்வளவு அமுக்கினாலும் நின்னிருக்காது.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழவில்லை. அப்படிச் சொன்ன பிறகு அந்த ஷூவை நான் எப்படி எடுக்க முடியும்? ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, டிரம்மை மாட்டி, நட்டுகளை முறுக்கிவிட்டு மேலே ஏறினேன். கிளீனர் என் வெறுங்கையைப் பார்த்தார். ‘உதவாதுங்க’ என்று அவரிடமும் அதே பொய்யைச் சொன்னேன். அவர் கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்த் தொங்கிக்கொண்டார்.

அடுத்த லோடு. வளைவு திரும்பினால் அவள் நடுரோட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். பெடலை அடிவரைக்கும் மிதித்தேன். பெல்ட் கருகும் நாற்றம்தான் வந்தது, வண்டி நிற்கவில்லை. கத்தினேன். கிளீனர் குதித்து ஓடிக் கட்டையைப் போட்டார். வண்டி அதையும் தள்ளிக்கொண்டு போய், அவள் சேலை முந்தானை பம்பரில் படுகிற தூரத்தில் நின்றது. அவள் ஒரு அடி கூட நகரவில்லை. வேண்டுமென்றே நின்றாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மெதுவாகப் பின்சக்கரத்துக்கு வந்தாள். கட்டையைப் பார்த்தாள். மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த கிளீனரின் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தாள்.

“கெட்டுப்போன சாமானை இப்புடித் தொடைச்சு, முறுக்கி மூடி வெக்க மாட்டாங்கண்ணா. அன்னிக்கே நெனச்சேன்” என்றாள். “இந்த மனுசன் பொண்டாட்டியும் என்ன மாதிரி நிக்கோணுமா? போயி எடுத்துக்குங்க. நல்ல சாமானு. அமுக்குனா நிக்கும்.”

அங்கேயே வளைவில் வண்டியை நிறுத்தி, பொழுது சாய்வதற்குள் மாட்டி முடித்தோம். அவள் கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, “போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க” என்றாள். சொன்னோம். கிளீனர் இரண்டு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் பின்னால் தொங்கவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தார். அந்த வளைவு வந்ததும் பெடலை அமுக்குவேன். வண்டி சொன்ன இடத்தில் நிற்கும். எஞ்சினை அணைத்தால், கீழே ஷூ இல்லாத அந்த லாரியில் அவள் இன்னும் பெடலை அமுக்குகிற ‘கிளிங்’ கேட்கும்.