தம்பிதான் கொன்னான்

தறியில் பாதிச் சேலை நிற்கும்போது சினிமாக் கதை காதில் விழக் கூடாது. விழக் கூடாது என்று நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நாங்கள் நெய்வது கோர்வைச் சேலை. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். அதனால் ஒரு தறிக்கு இரண்டு பேர் உட்கார வேண்டும். நடுவில் என் வீட்டுக்காரர், ஓரத்தில் கரைக்கு நான். நான் எழுந்தால் தறி நின்றுவிடும். கல்யாணச் சேலை என்றால் பதினைந்து நாள், சில சமயம் இருபது நாள். அதை அறுத்துக் கொடுத்த பிறகுதான் எங்களுக்கு லீவு, சினிமா எல்லாம். வெள்ளிக்கிழமை வந்த படத்தை நாங்கள் போய்ப் பார்ப்பதற்குள் ஊரே பார்த்து முடித்துப் பேசியும் முடித்திருக்கும்.

ஊர் பேசினால்கூடப் பரவாயில்லை. எங்களுக்குத் தார் சுற்றித் தரும் அக்கா பேசுவதைத்தான் தாங்க முடியாது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போடும் பட்டுநூல் குழல்தான் தார். இரண்டு தெரு தள்ளியிருக்கும் தன் வீட்டில் அதைச் சுற்றி, தினம் காலையில் கூடையில் கொண்டுவருவாள். கூடவே ஒரு படத்தையும் கொண்டுவருவாள். கூடையை இறக்கிவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றால் ஆரம்பம். பத்து நிமிஷத்தில் கதையை முடித்துவிட்டு ஓட்டமாக ஓடிவிடுவாள்.

"நேத்து ஈவினிங் ஷோ பாத்துட்டேம்மா. இன்னா ஏ.சி., இன்னா ஏ.சி.! வெறச்சே பூட்டேன். ஃபர்ஸ்ட் ஆஃப் கொஞ்சம் இழுவதான். ஆனா இன்டர்வெல்ல ஒண்ணு வெச்சிக்கிறான் பாரு..."

"அக்கா, சொல்லாதக்கா."

"எங்கம்மா சொன்னேன்? அந்தப் பொண்ணு சாவுற வரைக்கும்தான் சொல்லப்போறேன்."

காலைத் தறிக் குழிக்குள் விட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் வேலையை வைத்திருப்பவள் காதை எதால் மூடுவாள்? என் வீட்டுக்காரர் வேறு "அப்புறம்?" என்று எடுத்துக் கொடுப்பார். அவருக்குப் படம் பார்ப்பதும் ஒன்றுதான், கேட்பதும் ஒன்றுதான். பொங்கலுக்கு வந்த படத்தில் செத்துப்போன அண்ணன் உயிரோடு வந்து நின்றபோது தியேட்டரே எழுந்து விசிலடித்தது. நான் ஒருத்தி மட்டும் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

அதனால்தான் இந்தக் கொலைப் படம் வந்தபோது கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கொன்றது யார் என்று தெரியாமல் ஒரு படமாவது நான் பார்த்தாக வேண்டும். "இந்த ஒண்ணையாவது நானா பாக்க வுடுக்கா. வாயத் தொறந்தின்னா இனிமே தாரு வேற ஆளு கிட்ட குடுத்துடுவேன்." அக்கா கூடைமேல் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஒன்பது நாள் தாங்கினாள். பத்தாம் நாள், முந்தானை நெய்துகொண்டிருக்கிறோம், கூடையை வைத்தவள் போகாமல் நின்றாள்.

"கொன்னது யாருன்னு நான் சொல்லவே மாட்டேம்மா. ஆனா அந்தத் தம்பிக்காரன் பாவம். சின்ன வயசுலேந்து அண்ணன் போட்ட சட்டையவே போட்டு வளந்தவன். ஒரு நாளு அவனுக்குன்னு ஒரு புதுச் சட்ட வேணும்னு தோணிப்போச்சு. கொன்னுட்டான்."

எனக்கு வந்ததே ஒரு கோபம்! கையிலிருந்த நாடா நழுவி நூல் அறுந்தது. வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டினார். நான் ஒரு தாரை எடுத்துத் தரையில் வீசினேன். "உனக்கு அறிவு இருக்குதாக்கா? உன்கிட்ட என்ன கேட்டேன்? ஒரே ஒரு படம்! போ, நாளைக்கு வராத!" அக்கா வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது நான் வீசிய தாரைப் பொறுக்கித் தறி ஓரம் வைத்துவிட்டுப் போனாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இருந்த தாரை வைத்தே முடித்து, சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டுப் படத்துக்குப் போனோம். படம் முழுக்க அந்தத் தம்பியையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவன் தண்ணீர் குடித்தால்கூடச் சந்தேகமாக இருந்தது. கடைசியில் பார்த்தால் கொன்றது குடும்ப டாக்டர்! ஏன் கொன்றேன் என்று பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே விளக்கம் கொடுத்தான். தியேட்டரில் எல்லோரும் "ஐயோ" என்றார்கள். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சொன்னேன்.

நியாயமாகச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை வேண்டுமென்றே சுற்றவிட்டிருக்கிறாள் என்று ஆத்திரம்தான் வந்தது. வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. தட்டிய பிறகு சாவி போட்டுத் திறந்தாள். உள்ளே அவள் மாமனார் பாயில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஞாபகம் தப்பிப் போயிருந்தது தெருவுக்கே தெரியும்.

"டாக்டருக்கா! கொன்னது டாக்டரு! நீ இன்னா படத்தப் பாத்த?"

தார் சுற்றும் ராட்டையில் போய் உட்கார்ந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"ஐயய்யோ, டாக்டராம்மா?"

நடிப்பு இல்லை. படம் பார்த்தவள் யாரும் அப்படிக் கேட்க மாட்டாள்.

"நீ படமே பாக்கலையா?"

"போன்ல ரிவ்யூ சொல்றானுங்க இல்ல, அத கேட்டுக்கினேதான் தாரு சுத்துவேன். எந்தப் படமா இருந்தாலும் எவனாவது ஒருத்தன் முடிவ ஒளறிடுவான். இதுக்கு மட்டும் ஒருத்தனும் சொல்லலமா. நானும் ஒம்போது நாளு பாத்தேன். அப்புறம் நானே முடிச்சிட்டேன்."

"தியேட்டருக்குப் போயி எவ்ளோ நாளாச்சு?"

"மாமாக்கு இப்படி ஆனதுலேந்து போவல. மூணு வருஷம் இருக்கும். அவரு பையன் ஷிப்ட்டுக்குப் போயிடறாரு. கதவு தொறந்திருந்தா இவரு கெளம்பிடுவாரு. ஒரு தபா பஸ் ஸ்டாண்டுலேந்து புடிச்சிக்கினு வந்தோம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரைப் பூட்டி வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து நிற்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் அவள் வெளியே வரும் நேரம். கதையை முடித்ததும் ஏன் அப்படி ஓடுகிறாள் என்று மூன்று வருஷத்தில் நான் ஒரு நாள் கேட்டதில்லை. ஆனால் வெட்கப்பட்டதற்காக எரிச்சல் போய்விடுமா?

"ஏ.சி.ல வெறச்சிப் பூட்டேன்னு சொன்னியே!"

"அது ரிவ்யூல வராதும்மா. நானா சேத்துக்கினது."

"நாளைக்குக் காலைக் காட்சிக்குப் போ. நான் இங்க இருக்கறேன்."

அடுத்த சேலைக்குத் தறியில் பாவு நூல் ஏற்ற இரண்டு நாள் இருந்தது. அக்கா மாட்டேன் மாட்டேன் என்றாள். கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தாள். "போறியா, இல்ல தாரு வேற ஆளுக்குக் குடுக்கவா?" என்றதும் ஒத்துக்கொண்டாள். மறுநாள் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

பெரியவர் ஒரு மணி நேரம் சும்மா இருந்தார். பிறகு கதவைப் போய் இழுத்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தால் மறுபடி எழுந்தார். மூன்றாம் முறை என்னைப் பார்த்து, "படம் சொல்லு" என்றார்.

அந்தக் கொலைப் படத்தையே சொன்னேன். அசையாமல் கேட்டார். டாக்டரிடம் வந்தபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தம்பிதான் கொன்னான். சட்டைக்காக. நீ படம் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் மாமா. டாக்டருதான்."

"பாக்காதவங்கள்லாம் கத சொல்ல வந்துட்டாங்க" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் புகார் சொன்னார். "இந்தப் பொண்ணு டாக்டருன்னு சொல்லுது."

"தம்பிதான் மாமா" என்றாள் அக்கா, கண் இமைக்காமல். எனக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் திருப்தியாகப் படுத்துக்கொண்டார்.

"சரிக்கா, படம் எப்படி?" என்று கேட்டேன். தினம் மூச்சுவிடாமல் பேசுகிறவள், ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏ.சி. நெஜமாவே குளிருதும்மா" என்றாள்.