ஆளில்லை என்று எழுதவேண்டாம்

குடிசன மதிப்புக் கணக்கெடுப்புக்காக எங்கள் தெருவுக்கு வந்தவள் நாரந்தனை ஊர்ப் பிள்ளை ஒருத்தி. என் வீட்டு விவரங்களைப் பதிந்து முடித்ததும், எதிர்ப்பக்கத்து மாடிவீட்டைக் காட்டினாள்.

"அது பூட்டின வீடுதானே அக்கா? ஆளில்லை எண்டு போடுறன்."

அந்த வீட்டின் திறப்புக் கொத்து என்னிடம் இருந்தது. வீட்டுக்காரர் கனடாவில், தகப்பன் காலத்தில் தெற்கில் கடை வைத்திருந்த குடும்பம். வீடுவளவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். நான் அதோடு நிற்கவில்லை. நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு தாயையும் இரண்டு மகள்மாரையும் குசினிக்குப் பக்கத்து அறையில் குடிவைத்திருந்தேன். பிள்ளைகளின் தகப்பன் தீவிலேயே மாடுகளோடு நின்றுவிட்டார். மூத்தவள் உயர்தரச் சோதனைக்குப் படிக்கிறாள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, இங்கே பள்ளிக்கூடம் நிற்காது. வீட்டுக்காரருக்கு நான் சொல்லவில்லை. அவர்கள் வளவின் பின்படலை வாசலால் போய்வந்தார்கள்.

எங்கள் ஊர்காவற்றுறையைப் பற்றி வெளியில் யாரைக் கேட்டாலும், ஒருகாலத்தில் கப்பல் வந்த பட்டினம், இப்போது செத்துப்போச்சு என்பார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கப்பல் வந்த காலத்தில் மட்டும் இங்கே இருந்தவர்கள் எல்லாரும் இந்த மண்ணில் முளைத்தவர்களா? துறைமுகம் என்றாலே வந்தவர்கள் தங்குகிற இடம். என் தகப்பனும் எழுவைதீவிலிருந்து மீன் விற்க வந்து இங்கேயே நின்றுவிட்டவர்தான். போனவர்களை மட்டும் எண்ணினால் எந்த ஊரும் செத்த ஊர்தான்.

"பொறும் பிள்ளை, ஆளிருக்கு" என்று அவளைப் பின்படலையால் கூட்டிப்போனேன்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த தாய் எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளிறியது.

"எங்களை எழுதவேண்டாம் அக்கா. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சால் வீட்டைவிட்டு எழுப்பிப்போடுவினம்."

"இந்த விவரம் வெளியில போகாது" என்றாள் கணக்கெடுக்க வந்தவள்.

அறைக்குள்ளிருந்து மூத்த மகள் வந்தாள். "அம்மா, எவ்வளவு நாளைக்குத்தான் ஒளிச்சிருக்கிறது?"

தாய் என்னைப் பார்த்தாள். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"எழுதச் சொல்லும். வீட்டுக்காரரோட நான் கதைக்கிறன்."

தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தன் முழுப்பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அன்று பின்னேரமே கனடாவுக்கு அழைத்தேன்.

"அண்ணை, உங்கட வீட்டில ஆக்கள் இருக்கினம். நான்தான் விட்டனான்."

"ஆரைக் கேட்டு விட்டனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை. அது என்ர பிழைதான். ஆனால் எழும்பச் சொல்ல என்னால ஏலாது. வேணுமெண்டால் நீங்கள் வந்து சொல்லுங்கோ."

அவர் குரல் உயர்ந்தது. "அது என்ர ஐயா கட்டின வீடு. கண்டவையும் வந்து இருக்கிறதுக்கோ?"

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. "கண்டவையில்லை அண்ணை. தூர்ந்த கிணத்தை இறைச்சு, உடைஞ்ச கூரை ஓடுகளை மாத்தினது இதுகள்தான். நீங்கள் வந்து பாத்து எத்தினை வருசம்?"

அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

அதிகம் பேசிவிட்டேனோ என்று இரண்டு நாள் பயந்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி அழைத்தார்.

"அந்தப் பிள்ளை என்ன படிக்குது?"

"உயிரியல், அக்கா. பின்படலையால ஒளிச்சுத்தான் பள்ளிக்கூடம் போய்வருது."

"சோதினை முடியுமட்டும் இருக்கட்டும். முன்வாசலால போய்வரச் சொல்லும். களவெடுக்க வந்த ஆக்கள் மாதிரி ஏன் பின்னால?"

வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். சோதனைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது நெடுந்தீவிலிருந்து இன்னொரு குடும்பம் அறை கேட்டிருக்கிறது. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகள் பூட்டியிருக்கின்றன. இந்த முறை வீட்டுக்காரர்களிடம் முதலிலேயே கேட்பேன். ஏலாது என்றால் மறுகிழமையும் கேட்பேன்.