ரிலீவர் வராமல் இறங்கக் கூடாது

நெய்வேலி டவுன்ஷிப்பில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். படங்களை பேக்கப் எடுக்கும் வேலையை ஒரு ஏஐ ஏஜென்டிடம் ஒப்படைத்தேன். பேக்கப் மென்பொருளை எப்படி இயக்க வேண்டும் என்று அதற்குக் குறிப்பும் நானே எழுதினேன்: 'பழைய பேக்கப்பை அழி. புதியதை எடு.'

நான் செய்யும்போது புதியதை வேறு டிஸ்க்கில் எடுத்து, திறந்து பார்த்த பிறகுதான் பழையதை அழிப்பேன். இதையெல்லாமா எழுத வேண்டும் என்று விட்டுவிட்டேன். ஏஜென்ட் கேட்கவும் செய்தது: "முதலிலேயே அழித்துவிடவா?" எனக்கு எரிச்சல். "எழுதியபடி செய்" என்று தட்டினேன்.

அழித்தது. புதியது பாதி ஏறும்போதே கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கோடு உயிரை விட்டது. காடாம்புலியூர் கல்யாணப் படங்கள் அத்தனையும் போய்விட்டன.

அழுதபடியே மணப்பெண்ணுக்கு போன் செய்து உண்மையைச் சொன்னேன். "அழுவாதீங்கக்கா, படமெல்லாம் போட்டு நீங்க குடுத்த பென்டிரைவ் வூட்லதான் இருக்குது" என்றாள். மதியமே பஸ் ஏறி வந்து கொடுத்துவிட்டும் போனாள்.

சுரங்கத்தில் மெஷின் ஓட்டும் என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். குறிப்பைப் படித்துச் சிரித்தார்.

"அடுத்த ஷிப்ட்டு ரிலீவர் வந்து ஏறாம நான் மெஷின வுட்டு எறங்குவனா? அத அதுக்கு யாரு சொல்றது?"

அன்றே திருத்தினேன்: 'புதியது முழுதாக வந்து, திறந்து பார்த்த பிறகே பழையதை அழி. சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் கேள்.'

இப்போதும் அது கேட்கிறது. டீயை ஓரமாக வைத்துவிட்டு, கேள்வியை முழுதாகப் படித்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.